ஒரே தட்டில் வளர்ந்தவை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மொட்டை என்பது தொழில் சார்ந்த சொல். நாங்கள் வளர்ப்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பாக்டீரியா என்றதும் மனதில் வருகிற குட்டி உருண்டையோ குச்சியோ அல்ல அது. பூஞ்சை மாதிரி இழைவிட்டுப் படரும். முதலில் இழைகள் தட்டில் ஊற்றி உறையவைத்த உணவுக்குள் கீழே இறங்கும். அப்போது தட்டின் மேற்பரப்பு ஈரமாகப் பளபளக்கும். உணவு குறையத் தொடங்கியதும் இழைகள் திசை மாறி, காற்றுக்குள் மேலே எழும்பும். வட்டத் தட்டில் வெள்ளைப் பஞ்சு பூத்த மாதிரி இருக்கும். பிறகு அந்த இழைகள் துண்டு துண்டாகி வித்துகளாகும்போது வெள்ளை மெல்லச் சாம்பலாகும். மழை விழுந்ததும் மண்ணிலிருந்து கிளம்புகிற வாசனை இந்த இனம் விடுகிற வாசனைதான். நாளெல்லாம் வேலை செய்தால் அது தலைமுடியில் ஏறிவிடும்.

எப்போது மேலே எழுவது என்பதைச் சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. அவை டி.என்.ஏ. மேல் தங்களுக்கென்று உள்ள இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சில ஒட்டிக்கொண்டால் அங்குள்ள மரபணு அடங்கிவிடும், விலகினால் வேலை செய்யும். சில இதற்கு நேர்மாறு. அப்படிப்பட்ட புரதங்களில் ஒன்றை நாம் நீக்கிவிட்டால் பஞ்சு எழாது. தட்டு கடைசிவரை பளபளவென்றே இருக்கும். அதைத்தான் மொட்டை என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே பொருள் வரும் சொல்தான் புழங்குகிறது. தமிழில் சொல்கிறவர்கள் நானும் அக்காவும் மட்டும்.

அக்கா எனக்கு உறவு இல்லை. பட்டம் முடித்துவிட்டு எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, குடல் பாக்டீரியாவில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, எங்கள் ஆய்வுக்கூடம் உள்ள அமெரிக்க ஊரான ரிச்சர்ட்சனுக்கு வந்தார். நான் ஈரோட்டுப் பக்கம். என் முனைவர் பட்டப் படிப்பு அவருக்குப் பக்கத்து மேசையில்தான் ஆரம்பித்தது. பிப்பெட்டை எப்படிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்காது, எந்தக் கடையில் நல்ல கறிவேப்பிலை கிடைக்கும், பேராசிரியர் "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்று எந்தக் குரலில் சொன்னால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், எல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டவை.

அக்காவின் கணவருக்கு எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை. அவர்கள் வீடு தெற்கே நாலைந்து மணி நேரக் கார் தூரத்தில், கேட்டி என்ற ஊரில். மகள் முதல் வகுப்பு. அக்கா மட்டும் வார நாட்களில் ரிச்சர்ட்சனில் ஓர் அறையில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போவார். ஃபிரீவே எங்கேயாவது அடைத்துக்கொண்டால் மகள் தூங்கிய பிறகுதான் வீடு போய்ச் சேர முடியும். வாரத்தின் நடுவில் வீடியோவில் மகள் வருவாள். இவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளி விட்டதும் வருகிற அழைப்பு; பக்கத்து மேசை என்பதால் எனக்கும் அதெல்லாம் காதில் விழும்.

இந்த நிலையில்தான் கேட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை ஒன்று வந்தது. விண்ணப்பித்தவர்களில் கடைசிச் சுற்றுக்கு அழைக்கப்பட்ட சிலரில் அக்காவும் ஒருவர். அங்கே போய் ஒரு மணி நேரம் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். கிடைத்தால் ஆய்வும் உண்டு, சொந்த வீட்டில் தூங்கவும் செய்யலாம். "ரெண்டும் ஒரே ஊரில கிடைக்கிறது எண்டால் அது லொட்டரி மாதிரி, பிள்ளை" என்பார்.

அவர் பேசவிருந்த ஆய்வு இது. பஞ்சு எழுவதற்குத் தேவையான ஒரு புரதத்தை அவர் பாக்டீரியாவிலிருந்து நீக்கியிருந்தார். எதிர்பார்த்தபடி மொட்டை. ஆனால் தட்டை இன்னும் சில நாட்கள் விட்டுவைத்தால் அந்த மொட்டையிலும் வெள்ளைப் பஞ்சு வந்தது. அப்படியென்றால் முதல் புரதம் இல்லாதபோது அதன் வேலையை வேறொரு புரதம் கையில் எடுக்கிறது, செல்லுக்குள் ஒரு மாற்றுப் பாதை இருக்கிறது என்பது அக்காவின் முடிவு. பார்த்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. ஒரே வட்டத் தட்டு. ஒரு பக்கம் எதையும் நீக்காத இயல்பு வகை, அதாவது வைல்ட் டைப்; மறு பக்கம் மொட்டை வகை. ஒரே உணவு, ஒரே வெப்பம், ஒரே வெளிச்சம். ஒப்பிட வேண்டிய இரண்டை ஒரே தட்டில் வைப்பது குடல் பாக்டீரியாக்காரர்களுக்கு ஊறிப்போன ஒழுக்கம். தட்டுக்குத் தட்டு உணவின் ஈரம் மாறும் என்பதால் அதுதான் நேர்மையான முறை என்று எனக்கும் அவரே சொல்லித் தந்திருந்தார்.

அந்த இரண்டாவது புரதம் எது என்று தேடுவது என் வேலை. மொட்டை வகை பஞ்சு விடுகிற நேரத்தில் எந்தெந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்த வகை மட்டும் ஏராளமாகத் தேவை. இயல்பு வகை ஒரு துளி கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். அதனால் தட்டு முழுவதும் மொட்டை வகையை மட்டும் தேய்த்து இன்குபேட்டரில் வைத்தேன்.

பஞ்சு வரவில்லை. அக்கா சொன்ன நாள் கடந்தும் வரவில்லை. தட்டுகள் ஓரத்தில் காய்ந்து சுருங்கத் தொடங்கின, ஆனாலும் நடுவில் பளபளப்பு அப்படியே இருந்தது.

என் தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு எதையும் பட்டியலாக்கினால்தான் மூச்சு சீராகும். உணவில் சர்க்கரை மாறிப்போயிருக்கலாம். இன்குபேட்டர் கதவு சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். வித்து பழையதாக இருக்கலாம். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து மேசையில் அக்கா ஸ்லைடுகளின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவு சுலபமான ஒன்றைக்கூடச் செய்ய முடியவில்லையே என்று வெட்கமாக இருந்ததால் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பட்டியலில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அக்காவின் தட்டில் இருந்தது, என் தட்டில் இல்லாதது: பக்கத்தில் இயல்பு வகை.

ஒரு தட்டில் இயல்பு வகையை ஓரமாக ஒரு கோடு இழுத்தேன். அதிலிருந்து சற்றுத் தள்ளி, பிறகு இன்னும் தள்ளி, பிறகு தட்டின் மறு ஓரத்தில் என்று மொட்டை வகையைப் பொட்டுப் பொட்டாக வைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்து பார்த்தபோது, கோட்டுக்கு அருகிலிருந்த பொட்டில் பஞ்சு இருந்தது. அதுவும் கோட்டைப் பார்த்த பக்கத்தில் மட்டும், பாதி முகத்தில் தாடி வைத்த மாதிரி. அடுத்த பொட்டில் ஒரு கீற்று. கடைசிப் பொட்டு சுத்த மொட்டை.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. முனைவர் பட்டப் படிப்புக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக, யாரும் சொல்லாத ஒன்றை என் கண்ணால் பார்த்தேன். மண் பாக்டீரியாவின் இயல்பு வகை சோப்பு மாதிரி ஒரு பொருளை வெளியே விடும் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஈரப் பரப்பில் நீரின் இழுப்பைத் தளர்த்திவிட்டால்தான் மெல்லிய இழை அதைக் கிழித்துக்கொண்டு காற்றுக்குள் எழ முடியும். மொட்டை வகை தானாக எழவில்லை. பக்கத்திலிருந்து கசிந்து வந்த சோப்பு அதைத் தூக்கிவிட்டிருக்கிறது. உள்ளே மரபணுக்கள் அடங்கியபடியேதான் இருக்கின்றன. அக்காவின் படங்களில் அந்தப் பஞ்சு ஒருபோதும் சாம்பல் நிறத்துக்குப் போகாததற்கும் அதுதான் காரணம். மெதுவான வகை என்று நாங்கள் எல்லோரும் எங்களையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அக்கா தன் நாற்காலியைத் திருப்பி, "என்ன பிள்ளை, சிரிக்கிறீர்? பாங்கிலே காசு கீசு விழுந்திட்டுதோ?" என்றார்.

"இல்லீங்க்கா, சும்மா" என்று மூடியைப் போட்டேன்.

மாற்றுப் பாதை இல்லை என்றால் அக்காவின் பேச்சு இல்லை. பேச்சுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. மறுபடி ஒரு முறை செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஆய்வில் அது சரியான விதி. ஆனால் அந்த விதி எனக்கு வசதியாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை அக்கா கேட்டிக்குப் போகவில்லை. பயிற்சிக்காக இங்கேயே தங்கிவிட்டார். மதியம் காலியாக இருந்த கூட்ட அறையில் என்னை மட்டும் உட்காரவைத்து முழுப் பேச்சையும் பேசிக் காட்டினார். நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். முடிந்ததும், "கடைசி ஸ்லைடு மட்டும் கொஞ்சம் வேகமாப் போவுதுங்க்கா" என்றேன்.

சனிக்கிழமை பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில் உள்ள அனுமார் கோயிலுக்கு வர முடியுமா என்று கேட்டார். வேண்டுதலுக்காக அங்கே தேங்காய் கட்டிவிட்டுச் சந்நிதியைச் சுற்றுவார்கள். அக்கா விண்ணப்பம் போட்ட சமயத்தில் கட்டியிருந்தார். காரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காரில் மகள் வீடியோவில் வந்தாள். கோயிலில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சுற்ற, நான் பின்னால் சுற்றினேன். எதிரே கல்லூரிப் பையன்கள் தேர்வுக்கும், கணவன் மனைவியர் கிரீன் கார்டுக்கும், அவரவர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முதுகைப் பார்த்தபடி, நடக்காது என்று எனக்குத் தெரிந்த ஒன்றுக்காக அவர் நடப்பதற்குத் துணை நடந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் புளியோதரையோடு எங்கள் மேசைக்கு ஓர் ஆன்ட்டி வந்து உட்கார்ந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் சயின்டிஸ்ட்டாமே? மண்ணுல ரிசர்ச் பண்றீங்களாமே?"

"ஓம், மண்ணிலே இருக்கிற பக்டீரியா" என்றார் அக்கா.

"அப்ப என் ரோஸ் செடிக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா. ஹோம் டெப்போல இருக்கறவன் என்னென்னமோ வாங்க வெச்சுட்டான், ஒரு பூ கூட நிக்கல."

"ஆன்ட்டி, எங்கட மொட்டையளுக்கே எங்களாலே முடி வளர்க்க ஏலாமக் கிடக்கு. உங்கட ரோசாவை நாங்கள் தொட்டால் அதுவும் போயிடும்."

ஆன்ட்டிக்குப் புரியவில்லை என்றாலும் சிரித்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில், அவர் சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லணுமுங்க்கா. லேப் விஷயம்."

"கோயில் வாசல்லயுமோ? சொல்லும், லிஸ்ட் அம்மா. எத்தினை பொயிண்ட்?"

"மூணு."

"கடவுளே."

"முதல்ல, மொட்டையைத் தனியா ஒரு பிளேட்ல வளர்த்தா பஞ்சு வர்றதே இல்ல. எவ்வளவு நாள் விட்டாலும்."

அவர் கை பெல்ட்டிலேயே நின்றது. "ரெண்டாவது?"

"பக்கத்துல வைல்ட் டைப் இருந்தா, அது இருக்கற பக்கம் மட்டும் வருது. தூரம் போகப் போகக் கம்மியாகுது. ரெண்டு தடவ செஞ்சுட்டேன். இன்னைக்குக் காலைல ரெண்டாவது செட்டையும் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"மூண்டாவது?"

மூன்றாவது, மாற்றுப் பாதையே இல்லை என்பது. அதைச் சொல்லாமல் ஏசியைக் கூட்டினேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் வரிசையாகக் கார்கள். எங்கள் கார் குளிர ஆரம்பித்திருந்தது.

"சோப்" என்றார். ஒரே சொல். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு, "நான் குடலிலே இருந்து வந்தவள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் சோப் கடன் குடுக்கிற பழக்கம் இல்லை" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "உமக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"இண்டைக்குச் சனி."

"கன்ஃபர்ம் பண்ணிட்டுச் சொல்லலாம்னு..."

"அது சரி. அது சரிதான். ஆனால் நேற்று நான் உமக்கு முன்னாலே நிண்டு முழுப் பேச்சும் பேசினனான். நீர் டைம் பாத்துக்கொண்டு இருந்தனீர்."

"ஆமாங்க்கா."

"கடைசி ஸ்லைட் வேகமாப் போகுது எண்டும் சொன்னனீர்."

என் முகத்தில் எதுவும் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. நிதானமான பெண் என்று உறவினர்கள் புகழ்வார்கள். அன்று அந்த நிதானத்தைக் கழற்றிக் கீழே போட முடிந்திருந்தால் போட்டிருப்பேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காரை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

"வாரும், லாபுக்குப் போவம்" என்றார். "தட்டை நான் என்ர கண்ணாலே பாக்கோணும்."

பார்த்தார். லென்ஸ் வைத்து, பொட்டுப் பொட்டாகப் பார்த்தார். பிறகு தன் பழைய படங்களைக் கணினியில் திறந்து பெரிதாக்கினார். அவற்றிலும் பஞ்சு இயல்பு வகையை ஒட்டிய பக்கத்தில்தான் தடிப்பாக இருந்தது. எத்தனையோ முறை எல்லோரும் பார்த்த படங்கள். "இஞ்சை பாரும்" என்று விரலால் காட்டினார். "கிடந்தது. எங்களுக்குத் தெரியேல்லை." எங்களுக்கு என்று அவர் சொன்னது எனக்காக.

திங்கட்கிழமை வாரக் கூட்டத்தில் அக்கா தானே எழுந்து சொன்னார். மாற்றுப் பாதை தவறு, அதைக் கண்டுபிடித்தது இவள், இதோ தட்டு. எங்கள் பேராசிரியர் நல்லவர், வேகமானவர், மோசமான செய்தியிலிருந்து ஒரு நொடியில் எழுந்துவிடக்கூடியவர். தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். இந்த வருடம் இந்த அறையில் நடந்த மிகச் சிறந்த சோதனை என்றார். மரபணு விழிக்காமலே உருவம் மட்டும் மாறுகிறது என்றால், உருவத்தைப் பார்த்து நாம் எழுதி வைத்திருக்கும் எத்தனை முடிவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். மேலே எழும் செல்லுக்குள் எந்தப் புரதம் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, எழுப்பப்பட்ட மொட்டைக்குள் எங்கே என்று ஒப்பிட்டால் ஒரு முழு ஆய்வு வரும் என்றார். என் பக்கம் திரும்பி, உன் ஆய்வேடு கிடைத்துவிட்டது என்று முடித்தார்.

முதலில் கைதட்டியது அக்கா. மற்றவர்கள் பிறகு தட்டினார்கள்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்கலாம். இதை அக்காவும் நானும் பிரித்துக்கொள்ளட்டும், அவருக்கு வியாழக்கிழமை பேச்சு இருக்கிறது, புதிய ஆய்வுக்கூடம் அமைத்தால் அவரும் எடுத்துக்கொண்டு போக ஏதாவது வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னால் அக்காவுக்கு நான் பிச்சை போடுவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. பிறகு பேராசிரியரின் அறைக்குத் தனியாகப் போய்ச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. தினமும் என் பட்டியலில் அது இருந்தது. தினமும் அதை மறுநாளுக்கு நகர்த்தினேன். அந்த ஆய்வு எனக்கு வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

அக்கா இரண்டு நாளில் பேச்சைத் தலைகீழாக மாற்றினார். முதல் பாதியில் பழைய படங்களைக் காட்டி, கேட்பவர்களை மாற்றுப் பாதையை நம்பவைத்தார். பாதியில் என் தட்டைக் காட்டி அத்தனையையும் உடைத்தார். புதன்கிழமை எனக்குப் பேசிக் காட்டியபோது, இது அந்தப் பழைய பேச்சைவிட நல்ல பேச்சு என்று மனதாரச் சொல்ல முடிந்தது. என் பெயரை ஸ்லைடில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

"இவ்வளவு பெருசா வேண்டாம்ங்க்கா."

"சின்னதாப் போட்டால் நான் களவெடுத்த மாதிரி இருக்கும். பெரிசாப் போட்டால் நல்ல டீச்சர் மாதிரி இருக்கும். எனக்குத்தான் லாபம், வாயை மூடும்."

வெள்ளிக்கிழமை காலை கேட்டியிலிருந்து கூப்பிட்டார். பின்னால் மகளை யாரோ ஷூ போடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாப் போச்சு, பிள்ளை. சிரிச்சவை. உடைச்ச இடத்திலே ஒருத்தர் கை தட்டினவர்."

"அப்புறம்?"

"பிறகு துறைத் தலைவர் கேட்டார். அருமையான கதை, இதை வச்சு இஞ்சை உங்கட லாபிலே என்ன செய்யப்போறீங்கள் எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இது மாணவியின்ர தீசிஸ் எண்டு சொன்னன். வேற சில ஐடியா சொன்னன். சொல்லேக்கையே எனக்கு விளங்கிட்டுது, அதெல்லாம் முதல் நாள் ராத்திரி யோசிச்சது எண்டு அவையளுக்கும் விளங்கும்."

"நானும் இதைத் தொடருவேன்னு சொல்லியிருக்கலாம்ல, அக்கா."

"எப்பிடிச் சொல்லுறது? உம்மட தட்டல்லோ."

அன்றே பேராசிரியரின் அறைக்குப் போனேன். ஆய்வை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அக்காவுக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். தாராளமாக, என்றார். இதைத் திங்கட்கிழமையே கேட்டிருந்தால் அப்போதே சரி என்றிருப்பேன், அவளும் அங்கே அப்படிச் சொல்லியிருக்கலாமே என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிற குரல். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கழிவறையில் கைகளை நெடுநேரம் கழுவினேன்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. அதற்குக் காரணம் அந்த ஒரு கேள்விதானா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இன்னொருவர் எங்களைவிடத் திறமையானவராகவும் இருந்திருக்கலாம். நான் அப்படி நினைத்துப் பார்த்ததுண்டு. அந்த ஆறுதல் நிற்கவில்லை.

பாதி ஆய்வு உங்களுக்கு என்று சொன்னபோது அக்கா தலையை ஆட்டி மறுத்தார். அடுத்த வருடம் இன்னொரு சுற்று விண்ணப்பம், இன்னொரு வருடம் ஃபிரீவே, தன்னால் முடியாது என்றார். கேட்டிக்கு அருகில் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டார். போகும் முன் உறைபெட்டியில் இருந்த தன் வகைகளை எல்லாம் ஒவ்வொரு குழாயாக எடுத்துக் காட்டி என்னிடம் ஒப்படைத்தார். குளிரில் விரல் மரத்துப்போனது. "இது நல்ல மொட்டை. இது கெட்ட மொட்டை. இதை நம்பாதையும், விசர் பிடிச்சது" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தலையை ஆட்டிக்கொண்டே வாங்கினேன்.

எல்லாம் நல்லதற்குத்தான் என்று எங்கள் இருவரையும் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அக்காவுக்கு வீடு கிடைத்தது, உனக்கு ஆய்வேடு கிடைத்தது என்று இரண்டு விரல் மடக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் மடக்காத விரல் ஒன்று இருக்கிறது. அக்கா அந்த வீட்டை ஆய்வோடு சேர்த்துத்தான் கேட்டிருந்தார்.

கோடை விடுமுறையில் கேட்டிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி, வடை. அக்கா கொஞ்சம் சதை போட்டிருந்தார், நன்றாகத் தூங்குகிறவர் முகம். தண்ணீர்ச் சோதனையில் என்ன செய்கிறார் என்று கேட்டேன், சொன்னார். என் தட்டுகளைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. எழுப்பப்பட்ட மொட்டைக்குள் அந்தப் புரதங்கள் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்ற முதல் முடிவு என் பையில் இருந்த கணினியில் இருந்தது. அவர் கேட்டால் காட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன்.

அக்காவின் கணவர் எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே, "அப்ப இவதானோ உம்மட ப்ரொஜெக்டைத் தூக்கிக்கொண்டு போன பிள்ளை?" என்று அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நல்ல மனிதர். வந்தவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்றார் அக்கா.

மகள் வடையைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். பெரியவர்கள் தமிழில் பேசுவது அவளுக்கு நன்றாகவே புரியும். என்னை நேராகப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். "யூ டுக் அம்மாஸ் ப்ரொஜெக்ட்?"

என்னிடம் பதில்கள் வரிசையாக இருந்தன. பேராசிரியர் கொடுத்தார். அம்மாதான் முதலில் கைதட்டினார். பிறகு பாதியைத் திருப்பித் தரப் பார்த்தேன். எல்லாமே உண்மை. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"எஸ்" என்றேன்.

"இல்லை குஞ்சு, அம்மாதான் குடுத்தனான்" என்றார் அக்கா, அவசரமாக.

குழந்தை அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஓகே" என்று என்னிடம் சொல்லிவிட்டு வடையைத் தொடர்ந்தாள். அக்கா எழுந்து சொதியைச் சூடாக்கப் போனார். நான் கணினியைப் பையிலிருந்து எடுக்கவில்லை.